கானி மேக் கையில் இருப்பது செய்தித்தாள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டு விளையாட்டரங்குகளின் வெண்கலச் சிலைகளைப் பற்றி வெளியான படத்தொகுப்பைப் பார்த்தேன். அதில் பிலடெல்பியாவின் கானி மேக் சிலைக்கு 'கையில் செய்தித்தாளுடன் முன்னாள் பேஸ்பால் வீரர்' என்று குறிப்பு போட்டிருக்கிறீர்கள். அவர் முன்னாள் வீரர் என்பது உண்மைதான், ஆனால் சிலை அதற்காக வைத்ததல்ல. கையில் இருப்பது செய்தித்தாளும் அல்ல. அது ஸ்கோர்கார்டு, ஆட்டக் கணக்கைக் குறித்துக்கொள்ளும் அட்டை. சிறிய பிழைதான், ஆனால் அந்தச் சிலையின் உயிரே அந்த அட்டையில் இருப்பதால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பேஸ்பாலில் மேனேஜர் என்றால் அலுவலக மேலாளர் இல்லை. வீரர்களை வாங்குவது, விற்பது, சம்பளம் பேசுவது எல்லாம் ஜெனரல் மேனேஜர் என்ற வேறொருவரின் பொறுப்பு. மேனேஜர் இருப்பது களத்தின் ஓரத்தில், வீரர்கள் அமர்ந்திருக்கும் டக்அவுட்டில். ஒன்பது பேரின் பேட்டிங் வரிசையை எழுதித் தருபவர் அவர். பந்துவீச்சாளரின் கை தளர்ந்துவிட்டது என்று கணித்து ஆளை மாற்றுபவரும் அவரே. களத்தில் மூன்றாம் பேஸ் அருகே நிற்கும் கோச் வழியாகச் சைகை அனுப்பி, ஓடு, நில், பந்தை மெல்லத் தட்டிவிடு என்று ஏவுவார். கிரிக்கெட்டில் கேப்டன் தலையில் இருக்கும் வேலையில் பாதிக்கு மேல் இங்கே மேனேஜர் தலையில். அதனால்தான் மற்ற விளையாட்டுகளில் இல்லாத ஒரு வழக்கம்: பேஸ்பால் மேனேஜர்கள் வீரர்களைப் போலவே சீருடை அணிந்து டக்அவுட்டில் இருப்பார்கள்.

மேக் அணியவில்லை. கோட்டும் டையும், கஞ்சி போட்டு விறைத்த உயரக் காலரும்தான் கடைசிவரை அவருடைய உடை. டக்அவுட்டை விட்டு அவர் வெளியே வருவது அபூர்வம். உள்ளே இருந்தபடியே சுருட்டிய ஸ்கோர்கார்டை உயர்த்தி இடப்பக்கமோ வலப்பக்கமோ அசைப்பார், வெளிக்களத்தில் நிற்பவர் நாலடி நகர்ந்து நிற்பார். எந்த பேட்ஸ்மேன் எந்தப் பக்கம் அடிப்பான் என்பது அவருக்கு மனப்பாடம். 1901 முதல் 1950 வரை ஐம்பது சீசன்கள் ஒரே அணிக்கு, பிலடெல்பியா அத்லெடிக்ஸுக்கு, இப்படி அட்டையை ஆட்டியிருக்கிறார். அதற்குமுன் பிட்ஸ்பர்க்கில் மூன்று சீசன்கள். மொத்த வெற்றி 3,731, தோல்வி 3,948. இரண்டுமே இன்றுவரை எந்த மேனேஜரும் எட்டாத எண்ணிக்கை. வெற்றியைவிடத் தோல்வி அதிகமாயிற்றே என்று கேட்பீர்கள். மேக் அணியின் பங்குதாரரும்கூட. ஜெனரல் மேனேஜர் வேலையையும் அவரே பார்த்தார். பணம் முடைப்பட்டபோதெல்லாம் நல்ல வீரர்களை விற்றார். 1914-இல் லீகில் முதலிடம் பிடித்த அணியைக் கலைத்துவிட்டு, 1916-இல் 36 வெற்றி, 117 தோல்வி என்று கடைசியில் கிடந்தார். பிறகு மறுபடி கட்டி எழுப்பி 1929, 1930 இரண்டு ஆண்டும் சீசனின் இறுதிக் கோப்பைக்கான உலகத் தொடரை வென்றார். 1910, 1911, 1913 ஆண்டுகளையும் சேர்த்தால் ஐந்து கோப்பைகள்.

இப்போது சிலைக்கு வருவோம். வீரர் சிலை செய்வது சிற்பிக்கு ஒப்பீட்டில் எளிது. மட்டையைச் சுழற்றும் தோள், பந்தை விடும் விரல் என்று உடம்பே கதையைச் சொல்லிவிடும். அதே பிலடெல்பியா அரங்கைச் சுற்றி ஜீனோஸ் ஃப்ருடாகிஸ் செய்த மைக் ஷ்மிட், ஸ்டீவ் கார்ல்டன் சிலைகள் அந்த வகை. மேனேஜரின் வேலையோ தலைக்குள் நடப்பது. என்ன கொடுத்து அவரை அடையாளம் காட்டுவது? கானி மேக் சிலையைச் செய்த ஹாரி ரோசின், பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் கற்பித்த சிற்பி. ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் படகு வலிக்கும் ஜான் கெல்லியின் சிலையும் (1965) அவர் கைவண்ணம்தான். அவர் கண்ட விடை உயர்த்திய கையும் அதில் ஸ்கோர்கார்டும். கோட்டு போட்ட கிழவர் ஒருவர் கையைத் தூக்கி யாரையோ நகரச் சொல்கிறார், அவ்வளவுதான். அட்டையை எடுத்துவிட்டால் வங்கி முதலாளி ஒருவர் வாடகை வண்டியைக் கூப்பிடுவது போல் ஆகிவிடும்.

இதற்கு நேரெதிர் வழியில் போனவர் டோபி மெண்டஸ். பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ் அரங்கில் 2012-இல் அவர் செய்த ஏர்ல் வீவர் சிலையில் இரண்டு கைகளும் பேன்ட்டின் பின்பைகளுக்குள். நடுவரோடு மல்லுக்கு நிற்பதில் பேர்போன மேனேஜர் வீவர். கைகளைப் பின்னால் கட்டிப்போட்டதே அந்தச் சிலையில் ஒரு குறும்பு. பார்ப்பதற்கு மேக்கின் சிலை எனக்கு ஒரு படி மேலாகத் தெரிகிறது. வார்ப்பவன் கண்ணில் பார்த்தால் வீவர் சிலைதான் நிம்மதி: துருத்தி நிற்கும் உறுப்பே கிடையாது. முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சருகும் பறவைக் கூடும் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உயர்த்திய கை ஏன் தலைவலி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் வாசகர்களுக்கு வெண்கலம் என்றதும் சுவாமிமலைதான் நினைவுக்கு வரும். அங்கே மரபாக வார்ப்பது கன வார்ப்பு, உள்ளே வெற்றிடம் இராது. ஆளைவிடப் பெரிய பொதுவிடச் சிலையை அப்படி வார்க்க முடியாது. எட்டடி மனிதரைக் கனமாக வார்த்தால் ஒன்றரை டன்னைத் தாண்டும். கனத்த பகுதியும் மெலிந்த பகுதியும் வெவ்வேறு வேகத்தில் ஆறுவதால் மார்பில் குழி விழும், கழுத்தில் வெடிக்கும். ஆகவே பொள்ளலாக, 5 முதல் 6 மில்லிமீட்டர் சுவர் கனத்தில் வார்க்கிறார்கள். அப்போது எட்டடிச் சிலை 250 முதல் 400 கிலோவுக்குள் அடங்கும்.

இன்றைய முறை சுருக்கமாக இது. இரும்புக் கம்பிக் கூட்டின்மேல் களிமண் உரு. அதன்மேல் ரப்பர் அச்சு, ரப்பரைத் தாங்க வெளியே பிளாஸ்டர் அல்லது ஃபைபர் கவசம். அச்சுக்குள் உருக்கிய மெழுகைத் தடவியும் ஊற்றியும் 5 மில்லிமீட்டர் தோலாக எடுப்பார்கள். முழு ஆளை ஒரே துண்டாக எடுப்பதில்லை. தலை, கைகள், உடலின் முன்பின், கால்கள் என்று பத்துப் பன்னிரண்டு துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் உலோகம் இறங்க ஒரு மெழுகுக் குழாய், காற்று வெளியேற வேறு குழாய்கள். பிறகு சிலிக்கா கூழில் முக்கி மணல் தூவுவது, காயவிடுவது, மறுபடி முக்குவது. எட்டுப் பத்து முறை செய்தால் விரல் கனத்துக்கு ஓடு ஏறும். மெழுகை உருக்கி வடித்து ஓட்டைச் சுட்டு, சூடு ஆறுமுன் சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் வெண்கலத்தை ஊற்றுவார்கள். உலோகத்தின் எடை மெழுகின் எடையைப் போல் ஒன்பது பத்து மடங்கு. மெழுகை நிறுத்துப் பார்த்தே மூசையில் எவ்வளவு உருக்குவது என்று கணக்குப் போட்டுவிடலாம். இதற்கு அமெரிக்கப் பட்டறைகளில் பெரும்பாலும் ஓடுவது சிலிக்கான் வெண்கலம்: செம்பு 95 விழுக்காடு, சிலிக்கான் 4, மாங்கனீஸ் 1. வெள்ளீயம் கிடையாது, வெல்டிங்குக்கு நன்றாக இளகும். ஆறும்போது ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு சுருங்கும். எட்டடிக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் போய்விடும் என்பதால் களிமண்ணிலேயே அந்த அளவைக் கூட்டிவிட வேண்டும்.

மேக்கின் சிலை 1957-இல் நிறுவப்பட்டது. கூழில் முக்கி ஓடு ஏற்றும் இந்த முறை கலை வார்ப்படங்களில் பரவியது அதற்குப் பிறகுதான். அந்தக் காலச் சிலைகள் பெரும்பாலும் இறுகப் பொதித்த மணல் அச்சிலோ, பிளாஸ்டரும் சுட்ட மண்பொடியும் கலந்த அச்சிலோ வார்க்கப்பட்டவை. துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று சொருகி, முளை அடித்து, பித்தளையால் பற்றவைத்து இணைத்தார்கள். இது பழைய சிலையைப் பராமரிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இன்றைய ஆர்கான் வெல்டிங் சிலையில் இணைப்பும் உடலும் ஏறத்தாழ ஒரே உலோகம். பழையதில் இணைப்பு வேறு கலவை, காலப்போக்கில் அந்தக் கோடு மட்டும் வேறு நிறத்தில் தெரியத் தொடங்கும்.

சரி, கை. எட்டடிச் சிலையில் ஒரு கை மட்டும் சுமார் 20 கிலோ. தொங்கவிட்ட கை தோளை இழுக்கும், அவ்வளவோடு சரி. தூக்கி முன்னே நீட்டிய கையோ தோள் இணைப்பை நெம்பும். காற்று அடிக்கிற ஒவ்வொரு முறையும் அந்த இணைப்பு முடியளவு வளைந்து நிமிரும். யாராவது தொங்கிப் படம் எடுத்துக்கொண்டால் சுமை நாலு மடங்கு. இருபது முப்பது ஆண்டுகளில் அக்குளுக்குக் கீழே மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்கு முதலில் தெரிவது விரிசல் அல்ல, அங்கிருந்து வடியும் கருங்கோடு. மரச்சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்த்தால் நல்ல இணைப்பு கணீரென்னும், விட்டுப்போனது சொத்தையாய் ஒலிக்கும். இதைத் தவிர்க்கத்தான் கைக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை நுழைத்து, மார்புக்குள் உள்ள கூட்டோடு சேர்த்து வெல்டிங் செய்வது. சாதா இரும்பை வைத்தால் போச்சு. ஈரம் பட்டதும் வெண்கலம் பிழைத்துக்கொள்ளும், அதைத் தொட்டு நிற்கும் இரும்பு அரித்துப் பருக்கும். பருத்த துரு உள்ளிருந்தே சிலையை விரிக்கும்.

அட்டை இன்னும் நுணுக்கம். நிஜ அட்டை போல் மெல்லியதாக, 2 மில்லிமீட்டருக்கு வார்க்கப் போனால், உலோகம் ஓரத்தை எட்டுமுன் உறைந்துவிடும். இரண்டு பக்கமிருந்து வந்த உலோகம் நடுவில் சந்தித்தும் ஒட்டாமல் ஒரு கோடு நிற்கும். பார்க்க முழுசாக இருக்கும், கை வைத்தால் ஒடியும். அதனால் நடுவில் 4, 5 மில்லிமீட்டர் கனம் வைத்து, ஓரத்தை மட்டும் உள்பக்கமாகச் சரித்து ராவிவிடுவார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரிவது அந்த ஓரம்தான், தாள் என்றே நம்புவார். அட்டையைப் பிடித்த விரல்களைப் பொள்ளலாக எடுப்பதில்லை, கனமாகவே வார்ப்பது. அட்டையின் அடியில் ஒரு முளையை விட்டு, உள்ளங்கைத் துளையில் இறக்கிப் பற்றவைக்க வேண்டும். மேலோடு ஒட்ட வெல்டிங் மட்டும் போட்டால் பிடுங்கிக்கொண்டு போக ஒரு குறடு போதும்.

இந்தச் சிலைக்கு இன்னொரு சிறப்பு, இரண்டு முறை வீடு மாறியது. மேக் ஓய்வு பெற்ற நான்கு ஆண்டுகளில், 1954 சீசன் முடிந்ததும், அத்லெடிக்ஸ் அணி கான்சஸ் சிட்டிக்குப் போய்விட்டது. பிறகு 1968-இல் ஓக்லண்டுக்கு. அங்கும் 2024-ஓடு முடிந்தது. மேக் இறந்தது 1956 பிப்ரவரியில். ஆக, சிலை எழுந்தபோது அவரும் இல்லை, அவர் அணியும் அந்த ஊரில் இல்லை. முதலில் நின்ற இடம் லீஹை அவென்யூவில், அவர் பெயரையே தாங்கியிருந்த பழைய அரங்கின் எதிர்ப்புறம். அந்த அரங்கில் 1970-இல் கடைசி ஆட்டம் நடந்தது. நகரின் தெற்கே வெட்டரன்ஸ் ஸ்டேடியம் வந்ததும் சிலை அங்கே போயிற்று. 2004-இல் அதையும் வெடி வைத்துத் தகர்த்தபின், பக்கத்தில் எழுந்த சிட்டிசன்ஸ் பேங்க் பார்க்குக்கு. இப்போது அவர் கையை ஆட்டிக்கொண்டிருப்பது ஃபில்லீஸ் அணியின் வாசலில், அதாவது ஊரிலேயே தங்கிவிட்ட போட்டி அணியின் வாசலில். உங்கள் படத்தொகுப்பு இந்த வேடிக்கையைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்க விளையாட்டரங்கின் ஆயுள் முப்பது நாற்பது ஆண்டுதான். வெட்டரன்ஸ் ஸ்டேடியம் 1971-இல் திறந்து 33 ஆண்டில் தரைமட்டம். எனவே அரங்கு வாசலில் சிலை வைப்பவர்கள் ஒருநாள் அதைக் கழற்ற வேண்டிவரும் என்று எண்ணியே அடித்தளம் போட வேண்டும். பாதத்தைச் சிமெண்டில் புதைப்பது பெரிய தவறு. சரியான வழி, பாதத் தட்டின் அடியிலிருந்து நான்கு மரை போட்ட துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், 20 மில்லிமீட்டர் தடிமன். கிரானைட் பீடத்தில் அவற்றைவிட நாலைந்து மில்லிமீட்டர் அகலமாக, 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளை. துளையிட்ட பொடியை ஊதி வெளியேற்றிய பிறகே எபாக்ஸி. பொடி கிடந்தால் எபாக்ஸி கல்லைப் பிடிக்காது, பொடியைத்தான் பிடிக்கும். வெண்கலத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஈயத் தகடோ நைலான் வாஷரோ கொடுத்து ஒரு நூல் இடைவெளி விட வேண்டும். பீடத்தின் அடியில் கான்கிரீட்டை ஏறக்குறைய மூன்றடி ஆழம் இறக்க வேண்டும். பிலடெல்பியாவில் குளிர்காலத்தில் மண் அவ்வளவு தூரம் உறையக்கூடும், ஆழம் குறைந்தால் உறைந்த மண் பீடத்தையே நெம்பித் தூக்கும்.

இடம் மாற்றும்போது செய்யும் முதல் தப்பு, நீட்டிய கையில் பெல்ட்டைக் கட்டுவது. பிடிக்க வாகாக இருக்கிறதே என்று கிரேன்காரர் கை அங்கேதான் போகும். கட்ட வேண்டியது மார்பிலும் தொடையிலும், அடியில் தடித்த கம்பளி கொடுத்து, அகல நைலான் பெல்ட்டால். சங்கிலி ஆகாது. உயர்த்திய கை இருப்பதால் எடையின் நடு முதுகெலும்புக்கு நேராக இராது, கை இருக்கும் பக்கம் சில அங்குலம் தள்ளியிருக்கும். ஒரு விரற்கடை தூக்கி நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, இறக்கிக் கொக்கியைத் திருத்திக்கொண்ட பிறகே முழுதாகத் தூக்கலாம். பழைய பீடத்தில் கம்பிகள் இறுகியிருந்தால் நெம்புகோல் போடக் கூடாது, பாதத் தட்டு கிழியும். கல்லுக்கும் தட்டுக்கும் நடுவே ரம்பத் தகட்டை விட்டு அறுத்துவிட்டுப் புதுக் கம்பி வைப்பது மலிவு.

மாற்றி வைத்தபின் மறக்கப்படுவது பாதத்தில் உள்ள வடிகால் துளை. வேலைச் சுத்தம் என்று நினைத்து சுற்றிலும் சிலிக்கான் பூசி அடைத்துவிடுவார்கள். பொள்ளல் சிலைக்குள் ஈரம் எப்படியும் சேரும், கணுக்காலில் தேங்கும், குளிரில் உறையும். நீர் உறைந்தால் ஒன்பது விழுக்காடு பருக்கும். அடுத்த வசந்தத்தில் காலணியின் தையல் பிரிந்தது போல் இணைப்பு வாய் பிளந்திருக்கும். பழைய சிலைகளில், பொள்ளலாக வார்ப்பதற்காக உள்ளே வைத்த கரு மண்ணும் கிடக்கும், அது ஈரத்தைப் பஞ்சு போல் பிடித்து வைத்துக்கொள்ளும். கழற்றிய கையோடு அதைச் சுரண்டி எடுத்துவிட அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

ஆண்டுப் பராமரிப்பு பெரிய செலவில்லை. அமிலமும் காரமும் இல்லாத மென்மையான சோப்பு, நார்த் தூரிகை, நிறையத் தண்ணீர். நன்றாகக் காய்ந்ததும், கை வைக்க முடியாத அளவுக்குக் கேஸ் பந்தத்தால் சூடாக்கி மெழுகு தேய்த்து, ஆறியபின் துணியால் மெருகு. பழுப்பு நிறம் என்பது கந்தக உப்பும் இரும்பு நைட்ரேட்டும் வெண்கலத்தோடு சேர்ந்து உண்டாக்கிய மெல்லிய படலம். காக்க வேண்டியது அதைத்தான். குத்துவிளக்கைத் தேய்ப்பது போல் புளியோ எலுமிச்சையோ போட்டால் ஒரே நாளில் அந்தப் படலம் போய், சிற்பி நினைத்தே பார்க்காத பளபளப்பு வந்துவிடும்.

பச்சை எல்லாமே நோய் அல்ல. இறுகி ஒட்டிய கரும்பச்சை இருக்கட்டும். வெளிர்பச்சையில் மாவு போல் உதிர்ந்து, துடைத்த இடத்திலேயே சில வாரத்தில் மறுபடி பூத்தால் அது உப்பின் வேலை. பனிக்காலத்தில் நடைபாதையில் தூவும் உப்புதான் இந்த ஊர்ச் சிலைகளுக்கு முதல் எதிரி. பார்க்க வேண்டியது முகத்தையோ கையையோ அல்ல, காலணியையும் பேன்ட் விளிம்பையும். மாவைச் சுரண்டி எடுத்து, உப்பு போகும்வரை காய்ச்சி வடித்த நீரால் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகே மெழுகு. ஈரத்தின்மேல் மெழுகிட்டால் நோயை மூடி வைத்ததாகும்.

இனி இப்படிப் படத்தொகுப்பு போடும்போது, சிலையில் இருப்பவர் பெயரோடு செய்தவர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். வரும் வாரத் திருத்தப் பகுதிக்கு இப்படிப் போடலாம்: 'கானி மேக், பேஸ்பால் மேனேஜர், கையில் ஸ்கோர்கார்டு, சிற்பி ஹாரி ரோசின், 1957, பிலடெல்பியா.'

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பென்சில்வேனியா